குழலுக்கு அடியில் வைத்த பொட்டு

போன கிழமை முன்பின் தெரியாத ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் குசினி மேசையில் தன்னுடைய ரைபிளைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறானாம். போட்டிக்கு என்று புதுக் குழல் ஒன்று தபாலில் எடுத்து, காணொலி பார்த்து, இரண்டு திருகாணி கழற்றி இரண்டு திருகாணி பூட்டி, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டானாம்.

"ஆனா அண்ணை, சுட்டால் ஒரு இடத்திலையும் சேர்ந்து விழுகுதில்லை. பழைய குழலே பறவாயில்லை. என்ன பிழையாயிருக்கும்?"

"தம்பி, குழலுக்கும் மரத்துக்கும் இடையிலை ஏதும் வைச்சனீரோ?"

"என்னத்தை அண்ணை வைக்கிறது?"

"ஒண்டும் வைக்கேல்லையோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லும்."

"இல்லை அண்ணை. சத்தியமாய்."

"அப்ப எனக்குத் தெரியாது."

பகிடிக்குத்தான் சொன்னேன். திருகாணியை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தான், தளர்த்தச் சொன்னேன், சரிவந்தது. ஆனால் போனை வைத்த பிறகு நெடுநேரம் சிரித்தேன். இடையில் என்ன வைப்பது என்று அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு உலகத்திலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதை எழுதி வைக்காமல் போனால் பாவம்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. நடுத்தர வயது என்று சொல்லலாம். இந்த வசனத்தை வாசித்தால் மனைவி சாந்தி சிரிப்பாள்; சிரிக்கட்டும். போன வருடம் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்திய இருபத்துநான்கு வருடம் ஒஸ்லோவில் விளையாட்டுத் துவக்குகளும் வேட்டைத் துவக்குகளும் திருத்துகிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை. இதை எங்கடை ஆட்களின் கொண்டாட்டங்களில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்பார்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த நீங்கள், துவக்குப் பட்டறையிலையோ?"

நியாயமான கேள்வி. முதல் நாள் நானே அதைத்தான் கேட்டுக்கொண்டேன். எங்கிருந்து என்றால், மேசைக்கு அடியிலிருந்து.

நடந்தது இதுதான். திருகோணமலையில் நான் லேத் வேலைக்காரன். இங்கே வேலை தேடித்தரும் அலுவலகத்தில் அதைச் சொன்னேன். அந்த அம்மா "நுண்ணிய உலோக வேலை" என்று எழுதி ஒரு விலாசம் தந்தார். என்ன உலோகம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொளுவுகிறேன், பின்னறையில் யாரோ ஒரு துவக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வெடி. அடுத்த ஞாபகம், கன்னம் சீமெந்துத் தரையில் இருக்கிறது, மூக்குக்கு முன்னால் இரும்புத்தூள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரிய சப்பாத்துகள் வந்து நின்றன. மேலேயிருந்து ஒரு நீளமான பெண்மணி குனிந்து பார்த்தார். வெளியே வா என்று சொல்லவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. போய் ஒரு கோப்பை கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து மேசைக்கு அடியில் நீட்டினார். நான் அங்கேயே இருந்து குடித்து முடித்தேன். வெறும் கோப்பையோடு வெளியே வந்தபோது, "லேத் அந்த மூலையில்" என்றார். அவர்தான் என் முதலாளி இங்கெபொர்க்.

இங்கெபொர்க் நோர்வேயின் நடுப்பகுதிக்காரர். அந்தப் பக்கத்தில் சிலர் 'ஓம்', அதாவது ஆமாம், என்பதற்கு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே 'யா' என்பார்கள். எனக்கு இது தெரியாது. முதல் கிழமை முழுக்க அவருக்கு இழுப்பு வருத்தம் என்று நினைத்து, அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார். வெள்ளிக்கிழமை கேட்டார்: "சிவா, நான் சம்மதிக்கும்போதெல்லாம் எனக்கு ஏன் தண்ணீர் தருகிறாய்?"

அதிகம் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் இன்னும் குறைவாகக் கதைப்பார். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை: இரண்டு வருடம் அந்த லேத்தடியில் தூள் மட்டும் கூட்டினேன், மூன்று வருடம் மரத்துக்கு எண்ணெய் பூசினேன், பிறகு சின்னச் சின்னப் பாகங்கள் கடைந்தேன். வெடிச் சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போவதை மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டேன். தோள் மட்டும் இன்றைக்கும் துள்ளும். குழல் மாற்றுகிற வேலையை மட்டும் எட்டு வருடமாக என் கையில் தரவில்லை. அது இங்கெபொர்க் தானே செய்கிற வேலை.

எட்டாம் வருடம், ஒரு ஒக்ரோபர் திங்கட்கிழமை, வதனி வந்தாள்.

வதனி மட்டக்களப்புப் பிள்ளை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, நாற்பதைத் தொடும் வயது, ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் இருந்த ஒரே தமிழ் ஆள். வாய் கத்தி மாதிரி. கையில் ஒரு நீளப் பை, இன்னொரு கையில் ஒரு நீளப் பெட்டி, பல்லுக்கு இடையில் காவல்துறை தந்த அனுமதிக் கடதாசி. இந்த நாட்டில் குழல் ஒன்று தனியே வாங்குவதற்கும் அனுமதி வேண்டும்.

பைக்குள் இருந்தது ஒரு சாதாரண ரைபிள். பொயின்ற் டூ டூ என்கிற சின்ன ரவை போடுகிற வகை. அந்த ரவை சுண்டுவிரலின் இரண்டு கணு அளவுகூட வராது. சத்தமும் குறைவு. ஆனால் ஐம்பது மீற்றர் தூரத்தில் வைக்கிற கடதாசியில் அது குண்டூசிக் கணக்குப் பார்க்கும். பெட்டிக்குள் இருந்தது புதுக் குழல். தடிப்பானது, உள்ளே கண்ணாடி மாதிரி, போட்டிக்கென்றே செய்தது.

"சிவா அண்ணை, புதுப் போட்டித் துவக்கு வாங்க எனக்கு வழியில்லை. அதுதான் குழலை மட்டும் மாத்திறன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை செய்து தருவியளோ?"

"ஞாயிறு என்ன விசேஷம்?"

"பேர்கன் போட்டிக்குப் போற கழக ரீமுக்கு நாலு பேரை எடுக்கினம். மூண்டு பேர் முடிவு. நாலாவது ஒண்டில் நான், இல்லாட்டில் ஊலாவ்."

ஊலாவ் அந்தக் கழகத்தில் சுடுகிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எழுபது வயது. கை கல்லு மாதிரி என்று பேர்.

"ஆறு வருஷமாய் ரீமோடை நானும்தான் போறன் அண்ணை. போன முறை பேர்கனுக்குப் போனனான். எதுக்கு? பை தூக்க, புள்ளி எழுத, ஆக்களுக்குக் கோப்பி ஊத்த. இந்தமுறை பை தூக்கப் போகேல்லை. சுடப் போறன். இந்தக் குழல் சுடாட்டில் நான் இல்லை. விளங்குதே?"

நான் இங்கெபொர்க்கைப் பார்த்தேன். இங்கெபொர்க் பெட்டியைத் திறந்து குழலின் வாயை விரல் நுனியால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ செய்."

"நானா?"

மூச்சை உள்ளே இழுத்தார். "யா."

தண்ணீர் எனக்குத்தான் தேவைப்பட்டது.

குழல் மாற்றுவது கேட்க லேசு. பழையதைப் பிடிக்கும் இரண்டு திருகாணியைக் கழற்று, புதியதைச் செருகு, பூட்டு. ஆனால் செருகும்போது, சுட்ட ரவைக் கோதை இழுத்தெறிகிற கொளுவிக்கென்று குழலின் முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளம், அந்தக் கொளுவிக்கு நேரே வரவேண்டும். மயிர் பிசகினால் கோது உள்ளேயே குடியிருக்கும். பிறகு இரண்டு அளவுக்கட்டைகள்: ஒன்றை உள்ளே வைத்தால் பின்கதவாகிய போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக்கூடாது. முதலாவதில் மூடியது. இரண்டாவதில் மூடவில்லை. நான் அந்தச் சோதனையைப் பதினொரு தடவை செய்தேன். பன்னிரண்டாம் தடவைக்கு இங்கெபொர்க் கட்டையை என் கையிலிருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

புதுக் குழல் தடிப்பு என்பதால், துவக்கைத் தாங்கும் மரப் பிடங்கில் அது படுக்கும் பள்ளத்தை அகலமாக்க வேண்டும். உருளைத் தடியில் சாண்ட் பேப்பர் சுற்றி, செவ்வாய் முழுக்கத் தேய்த்தேன். ஏனென்றால் குழல் பின்முனையில் மட்டும்தான் பிடிபட்டிருக்க வேண்டும். முன்பக்கம் முழுவதும் மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். வெடிக்கும்போது குழல் வீணை நரம்பு மாதிரி அதிரும். எதிலாவது முட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அதிரும், சன்னம் ஒவ்வொரு பக்கம் போகும்.

தொடுகிறதா இல்லையா என்று பார்க்க இங்கெபொர்க்கிடம் ஒரு முறை இருந்தது. நோர்வேக்காரர் மதியத்துக்கு வீட்டிலிருந்து பாண் துண்டுகள் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு துண்டு மற்றதில் ஒட்டாமல் இடையில் மெல்லிய எண்ணெய்த்தாள் வைப்பார்கள். இங்கெபொர்க் பாணைச் சாப்பிட்டுவிட்டு அந்தத் தாளை எடுத்துக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் விட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை இழுப்பார். தடையில்லாமல் போகவேண்டும். செவ்வாய் பின்னேரம் நானே இழுத்தேன். கத்தி வெண்ணெயில் போவது போலப் போனது. தாளில் கொஞ்சம் வெண்ணெயும் இருந்தது. முக்கால் மில்லிமீற்றர் இடைவெளி, சுற்றிவரச் சமன். பிறகு குழலைத் திரும்பக் கழற்றி, தேய்த்த மரத்துக்கு எண்ணெய் பூசிக் காயவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை ஆயுத பூசை.

வருடா வருடம் பட்டறையில் நான் ஆயுத பூசை செய்வேன். இங்கெபொர்க்குக்குத் தெரியாமல். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் மழையோ வெயிலோ அரை மணித்தியாலம் நடக்கப் போவார். அந்த அரை மணித்தியாலம்தான் என் கோயில். கற்பூரம் இல்லை, வெடிமருந்தும் தின்னரும் இருக்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்தினால் அம்பாளிடம் நேரே போய்விடலாம். சாந்தி பன்னீர் விட்டுக் குழைத்துத் தந்த சந்தனம், ஒரு பேப்பரில் மடித்த குங்குமம், இரண்டு வாழைப்பழம். லேத்துக்குப் பின்புறத்தில் ஒரு பொட்டு, பிடிகருவிக்கு அடியில் ஒன்று, துளைக்கும் மெசினுக்கு முதுகில் ஒன்று. எல்லாம் கண்ணில் படாத இடம்.

அன்று மேசையில் வதனியின் குழலும் இருந்தது. என் வாழ்க்கையின் முதல் குழல். அதற்கு வைக்காமல் விடுவேனா? மேலே வைத்தால் இங்கெபொர்க் காண்பார். ஆகவே அடிப்பக்கத்தில். மற்றவைகளுக்குச் சுண்டுவிரலால் ஒற்றுவது வழக்கம். இதற்குக் கொஞ்சம் விசேஷமாக இருக்கட்டும் என்று பெருவிரலால் வைத்தேன். நடுவில் குங்குமம். வடிவாக இருந்தது. கண்ணை மூடி, "அம்மாளே, நேராய்ச் சுடவேணும்" என்றேன்.

கதவு திறந்தது. ஆலங்கட்டி மழை; இங்கெபொர்க் அரைவழியில் திரும்பிவிட்டார்.

ஒரு மனிதன் பயத்தில் எவ்வளவு வேகமாக வேலை செய்யலாம் என்று அன்று கண்டேன். குழலை மரத்தில் படுக்க வைத்து, திருகாணிகளைப் போட்டு, இறுக்கம் அளக்கும் ஸ்குறூ றைவர் 'டிக்' என்னும் வரைக்கும் இறுக்கி, இரண்டு வாழைப்பழத்தையும் விழுங்கி, தோல்களைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் கோட்டைக் கழற்றித் திரும்பியபோது நான் நிமிர்ந்து நிற்கிறேன், கன்னம் இரண்டும் புடைத்தபடி.

"முடிந்ததா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த இடத்தில் வாசிக்கிற உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பட்டறையின் சட்டம் ஒன்று சொல்லவேண்டும். இங்கெபொர்க்கின் லாச்சியில், நடுவில் ஓட்டையில்லாத பழைய நோர்வே நாணயம், ஒரு குறோனர் காசு, இருந்தது. ஐம்பது மீற்றரில் பத்து வெடி வைத்து, அந்தப் பத்து ஓட்டையையும் இந்தக் காசு முழுதாக மறைத்தால்தான் குழல் மாற்றிய ரைபிள் கடையை விட்டு வெளியே போகும். ஒரு ஓட்டை எட்டிப் பார்த்தாலும் போகாது.

புதன் பின்னேரம் நிலவறைச் சுடுதளத்தில் மணல் மூட்டையில் ரைபிளை வைத்துப் படுத்தேன். முதல் இரண்டு வெடி ஒரே ஓட்டை. ஆகா, சிவபாதம், நீ பிறவிக் கலைஞன் என்றேன். மூன்றாவது மேலே ஏறியது. நான்காவது வலது பக்கம். ஐந்தாவது இன்னும் மேலே. பத்து முடிந்து கடதாசியைப் பார்த்தால், தேர் இழுக்கிற அன்று கோயில் வீதியில் சனம் நிற்கிற மாதிரி நிற்கிறது. குறோனர் காசு வேண்டாம்; கோப்பித் தட்டு வைத்தாலும் மறையாது.

அன்றும் அடுத்த நாளும் நான் செய்தவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ரவையில் பிழை என்று நான்கு விதமான ரவை மாற்றினேன். தொலைநோக்கி ஆடுகிறது என்று அதைக் கழற்றிப் பூட்டினேன். குழல் வாயில் பிசிர் இருக்கிறதா என்று பஞ்சால் சுற்றித் துடைத்தேன், பிசிர் இருந்தால் பஞ்சு மாட்டும், மாட்டவில்லை. குழல் மரத்தில் முட்டுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அதைத்தான் செவ்வாய்க்கிழமையே தாள் விட்டுப் பார்த்தாயிற்றே. கடைசியில் என் கண்ணில்தான் பிழை என்று முடிவுகட்டி, வியாழன் மதியம் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதிக்கு ஓடி, கண்ணாடிக்கடையில் கண்ணைச் சோதித்தேன். கண் அருமையாக இருக்கிறதாம். இப்படி ஒரு நல்ல செய்தியைக் கேட்டு அழவேண்டி வந்த ஆள் நான் ஒருவன்தான்.

சாந்திக்குப் போன் பண்ணினேன்.

"கண்ணூறாய் இருக்கும். முதல் குழல் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள்தானே" என்றாள். "பூசை ஒழுங்காய்ச் செய்தனீங்களோ? சந்தனம் வைச்சனீங்களோ?"

"வைச்சனான்."

"தாராளமாய் வைச்சனீங்களோ, சும்மா தடவினனீங்களோ?"

"பெருவிரலாலை அப்பினனான்!"

"அப்ப சாமியிலை பிழையில்லை. உங்களிலைதான் பிழை."

இவ்வளவு சரியான தீர்ப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

வியாழன் பின்னேரம் வதனி வேலை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தாள்.

"எப்பிடி அண்ணை? சுடுதோ?"

"சுடுது பிள்ளை. குழல் கொஞ்சம்... பழகுது."

"பழகுதோ? ஏன், பாலர் வகுப்பிலையோ சேர்த்து விட்டனீங்கள்?"

"புதுக் குழல் எண்டால் அப்பிடித்தான். முதல் கொஞ்ச ரவையிலை இருக்கிற மெழுகு உள்ளுக்குப் பிடிக்க வேணும்."

இது பொய்யில்லை. கொஞ்சம் உண்மை. பயத்தில் சொல்கிற பொய்க்கு எப்போதும் கொஞ்சம் உண்மை கலக்க வேண்டும், சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி.

வதனி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய பகிடி நின்றுவிட்டது.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. சரிவராதெண்டால் பழைய குழலைத் திருப்பிப் பூட்டித் தாங்கோ. அதோடை தோத்தாலும் பறவாயில்லை. துவக்கே இல்லாமல் போய் நிண்டு அவங்களுக்குக் கோப்பி ஊத்த என்னாலை ஏலாது."

"நாளைக்குப் பின்னேரம் வாரும்" என்றேன். குரல் பல்லி மாதிரி வந்தது.

அவள் போனபிறகு இங்கெபொர்க் தன் மேசையிலிருந்து கேட்டார், தலையைத் தூக்காமல்: "குழல் எந்த வகுப்பில் படிக்கிறது?"

எங்கள் தமிழ்க் கதையை எப்படிப் பிடித்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முகத்திலிருந்து பிடித்திருப்பார்.

வெள்ளி காலை, நான் அந்தக் குழலை எங்கோ பிழையாகப் பூட்டி நிரந்தரமாகக் கெடுத்துவிட்டேன் என்று முடிவுக்கு வந்தேன். புதிதாக இன்னொன்று வர இரண்டு மாதம் ஆகும். ஞாயிறு இரண்டு நாளில். வேலையை விடுகிறேன் என்று நோர்வேஜிய மொழியில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுத்துப் பிழை பார்த்தேன். போகிற மனிதன் நல்ல மொழியில் போகவேண்டும். மதியம் இங்கெபொர்க் பாணைப் பிரிக்கும்போது அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். பாணைச் சாப்பிட்டார். இரண்டாவது பாணையும் சாப்பிட்டார். பிறகு இடையிலிருந்த எண்ணெய்த்தாளை எடுத்துத் தட்டிக்கொண்டு எழும்பி, ரைபிளிடம் போனார்.

"அது நான் பார்த்தது. செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவர் தாளைக் குழல் வாய்ப்பக்கம் விட்டார். இழுத்தார். அருமையாகப் போனது. பாதி வழியில் நின்றது.

திரும்ப இழுத்தார். நின்றது.

அந்தக் கணத்தில்தான், உங்களுக்கு எப்போதோ தெரிந்தது எனக்குத் தெரியவந்தது. மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே ஒரு பெட்டி இருந்தது.

இங்கெபொர்க் இரண்டு திருகாணியையும் கழற்றிக் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கத்தில், மஞ்சளாக, வட்டமாக, காய்ந்து சீமெந்தாகி, நடுவில் சிவப்போடு, கொஞ்சம் நசுங்கி, என் பொட்டு. அதற்கு நேரே மரத்திலும் ஒரு பொட்டு பதிந்திருந்தது. மரமும் தரிசனம் எடுத்திருக்கிறது.

முகர்ந்து பார்த்தார். "வாசமாக இருக்கிறது. என்ன பசை?"

"பசை இல்லை. சந்தனம். மரம். அரைச்சு..." எனக்கு நோர்வேஜிய மொழி முழுவதும் மறந்துபோனது. "வருடத்தில் ஒரு நாள் நாங்கள் வேலைக் கருவிகளைக் கும்பிடுவோம். நன்றி சொல்லுவோம். பொட்டு வைப்போம்."

"எல்லாக் கருவிக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவர் மெதுவாகத் திரும்பி லேத்தைப் பார்த்தார். அதன் பின்பக்கம் போய்க் குனிந்தார். அங்கிருந்த மஞ்சளை விரல் நுனியால் சுரண்டினார்.

"சிவா. எட்டு வருடமாக ஒவ்வொரு ஒக்ரோபரிலும் இந்த லேத்தில் மஞ்சள் கிரீஸ் ஒழுகுகிறது. நான் மூன்று தடவை மெக்கானிக்கை அழைத்தேன். இரண்டு தடவை அந்தக் கிரீஸைச் சோதனைக்கு அனுப்பினேன்."

"சோதனையில் என்ன சொன்னார்கள்?"

"தாவர எண்ணெய் என்றார்கள். இந்த மெசினில் அப்படி ஒன்று இல்லை என்று நான் அவர்களோடு சண்டை பிடித்தேன்."

நிமிர்ந்தார். என் கடிதத்தை எடுத்து நான்காக மடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குழலுக்கு என்ன வேண்டிக்கொண்டாய்?"

"நேராகச் சுடவேண்டும் என்று."

"அரை மில்லிமீற்றர் குறைவாக வேண்டிக்கொண்டிருக்கலாம்" என்றார். மடித்த கடிதத்தை ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே செருகினார். மேசை ஆட்டம் நின்றது.

பொட்டைச் சுரண்டி, மரத்தைத் துடைத்து, திரும்பப் பூட்டினோம். தாள் பின்முனை வரை போனது. சுடுதளத்தில் நான் படுக்க மறுத்தேன்; இங்கெபொர்க் படுத்தார். பத்து வெடி. கடதாசியைக் கொண்டுவந்து காசை வைத்தார். காசைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் நாலு பக்கமும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் கடையில் இன்னொரு சட்டமும் இருந்தது: நேர்ந்த கோளாறு எதுவானாலும் வேலை அட்டையில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கெபொர்க் தன் அச்சு மாதிரிக் கையெழுத்தில் எழுதினார். பின்னேரம் வதனி வந்ததும் அட்டையை நீட்டினார். வதனி சத்தமாக, தமிழில் மாற்றி மாற்றி வாசித்தாள்.

"கோளாறு: குழலின் அடியில் சந்தனப் பசை. தடிப்பு: ஒரு மில்லிமீற்றர். காரணம்: நன்றி."

நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு புறாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சிவா அண்ணை, இஞ்சை பாருங்கோ. நீங்கள் எனக்காகக் கும்பிட்டு, கும்பிட்டதிலை என்ரை துவக்கையே குழப்பினனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"எத்தினை நாள்?"

"இரண்டு நாள்."

"பழகுது எண்டு சொன்னியள்!"

"நானும்தான் பழகினனான்."

அவள் அட்டையால் என் தலையில் ஒன்று போட்டாள். பிறகு அதிலேயே கையெழுத்து வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல், பிடிகருவியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கெபொர்க் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிறு நான் கழகத்தின் சுடுதளத்துக்குப் போனேன், உள்ளே போகவில்லை. கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெளியே இருந்தேன். சத்தம் மெல்லியதாகக் கேட்டது. எது வதனியின் வெடி, எது ஊலாவின் வெடி என்று தெரியாததால் எல்லா வெடிக்கும் பயந்தேன். அது நியாயமாகவும் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கார் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வெள்ளைத் தாடி, நெடிய உருவம். ஊலாவ். கையில், வதனிக்குக் கொடுத்த எங்கள் வேலை அட்டைப் பிரதி.

என் மூளை மறுபடியும் வேலையை நிறுத்தியது. முறைப்பாடு செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, "நான் அங்கே வேலை செய்வதில்லை" என்றேன்.

"நீதானே சிவா?"

"இல்லை."

பின்னாலிருந்து வதனி கத்தினாள்: "அண்ணை, காரை விட்டு இறங்குங்கோ! நான் ரீமிலை!"

இறங்கினேன். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளியாம். பிறகு நட்டநடுவில் விழுந்தவற்றை எண்ணியிருக்கிறார்கள். அதில் வதனிக்கு ஒன்று கூட. ஒரே ஒன்று. அவள் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள், சொல்லி முடிக்கும்போது கண்ணைத் துடைத்தாள், "குளிர்" என்றாள். பேர்கனுக்குப் பை யார் தூக்குவது என்று நான் கேட்டேன். "அவரைக் கேளுங்கோ" என்று ஊலாவைக் காட்டினாள்.

ஊலாவ் நல்ல மனிதர். தோற்றவர் மாதிரியே இல்லை. ஒரு கணக்குக்கு விடை கண்டவர் மாதிரி நின்றார். தனக்கும் அதே குழல் வேண்டும் என்றார். பிறகு அட்டையை என் மூக்குக்கு நேரே பிடித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இவளுக்குச் செய்தது எல்லாம் எனக்கும் செய்ய வேண்டும். ஒன்றும் விடக்கூடாது. இதையும்."

"அது கோளாறு" என்றேன்.

"அதோடு வென்றிருக்கிறாள்" என்றார் வாத்தியார்.

"செய்யிறம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றாள் வதனி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "வாத்தியாற்றை ஆசையை ஏன் கெடுப்பான்."

திங்கள் காலை இங்கெபொர்க்கிடம் சொன்னேன். வாடிக்கையாளர் கேட்டதை எழுதுவது கடைச் சட்டம்; அவர் புது அட்டை ஒன்றை எடுத்துப் பேனையைத் திறந்தார். குழல் மாற்றம், பள்ளம் அகலித்தல், தாள் சோதனை, பத்து வெடி என்று எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"உன்னுடைய மஞ்சள். எதையும் முட்டாமல் எங்கே வைக்கலாம்?"

"எங்கேயும் வைக்கலாம்."

"எங்கேயும் என்பது அளவு இல்லை."

"பிடங்கின் வெளிப்பக்கம், பின்முனையில்."

"முனையிலிருந்து எவ்வளவு?"

"நாற்பது மில்லிமீற்றர்" என்றேன், வாயில் வந்ததை.

எழுதினார். "விட்டம்?"

"ஆறு."

"தடிப்பு?"

கோயில் குருக்கள் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தேன். "கால் மில்லிமீற்றர்."

"கூடிக் குறைந்து?"

"என்ன?"

"ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று இருக்க வேண்டும், சிவா. உங்கள் சாமி எவ்வளவு பொறுப்பார்?"

நான் யோசித்தேன். எட்டு வருடம் ஒளித்து வைத்த பொட்டுகளையும், விழுங்கிய வாழைப்பழங்களையும், அந்தப் பெருவிரலையும் யோசித்தேன்.

"நிறையப் பொறுப்பார்" என்றேன்.

இங்கெபொர்க் பேனையை மூடினார். அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அட்டையைச் சுவரில் மாட்டினார்.